பெட்டி நாளை எண்ணும் விதம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

பிரியாவிடை நாளன்று மைக்கை என் கையில் தந்தீர்கள். "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். மைக்கைக் கண்டால் எனக்குக் குரல் வராது. பிறகு உங்களில் ஒருவர் வந்து, "அண்ணை, கதைக்க வராட்டி எழுதியாவது தாங்கோ" என்று கேட்டார். எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழைகள் இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

எனக்கு வயது போய்விடவில்லை. ஏணியில் நிற்க முழங்கால் விடுவதில்லை, அதனால்தான் வேலையை விட்டேன். வயர் இழுப்பதும் பெட்டி பொருத்துவதும் உங்களுக்கு நன்றாகத் தெரியும், என்னைவிட விரைவாகவே செய்கிறீர்கள். அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? பெட்டி தானாகச் சொல்லாத விடயங்களைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

ஒரு அலுவலகத்தின் எல்லாக் கணினிகளும் ஒரே இடத்தில் கோப்புகளை வைத்து எடுப்பதற்கு நாங்கள் பொருத்திப் பூட்டிக் கொடுக்கும் சேர்வர் பெட்டியைத்தான் சொல்கிறேன். அதற்குள் ஓடும் மென்பொருள் பொதியாக வருகிறது. யாரை உள்ளே விடுவது, அழித்ததை எங்கே வைப்பது, எத்தனை நாள் வைப்பது என்று நூற்றுக்கணக்கான கேள்விகளுக்கு, பொதியைச் செய்தவர்கள் எங்களைக் கேட்காமலே பதில் போட்டு வைத்திருப்பார்கள். சில பதில்கள் திரையில் தெரியும், சில கையேட்டில் இருக்கும். சில எங்குமே எழுதப்பட்டிருக்காது. எங்கள் வேலையில் வரும் பெரிய ஆபத்தெல்லாம் அந்த எழுதப்படாத பதில்களில்தான் இருக்கிறது.

இதை முதலில் எனக்குக் காட்டியவர் நெளுக்குளத்தில் ஒரு பால் சேகரிப்புச் சங்கத்தின் தலைவி. பெட்டியைப் பூட்டிக் கொடுத்த அன்று பின்னேரமே அவா கூப்பிட்டா.

"தம்பி, நான் பெயரைப் பிழையா அடிச்சுப்போட்டன். அது உள்ளுக்கு விட்டிட்டுது."

"சரியா அடிச்சிருப்பீங்கள் அம்மா."

"எனக்கு என்ர பெயர் தெரியாதோ? வந்து பாரும்."

போய்ப் பார்த்தேன். விசைப்பலகையில் கண்ட எழுத்தையெல்லாம் தட்டினேன், கதவு திறந்தது. தெரியாத பெயரோடு வருபவரைத் திருப்பி அனுப்பாமல் விருந்தாளியாக ஏற்றுக்கொள்ளும்படி அந்தப் பொதியில் அமைத்திருந்தார்கள். கையேட்டில் அப்படி ஒரு சொல்கூட இல்லை. தலைவி சிரித்தா. "எங்கட ஆக்கள் செய்த பெட்டிபோல. ஆரெண்டு கேக்காமலே கதிரை போட்டுத் தேத்தண்ணி குடுக்குது."

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தப் பெட்டியைப் பூட்டினாலும், உரியவர் கையில் கொடுக்கும் முன் அதைக் கொஞ்சம் சீண்டிப் பார்ப்பேன். பிழையான பெயர் கொடுப்பேன். ஒன்றுக்கும் உதவாத கோப்பைப் போட்டு அழிப்பேன். பிளக்கை இழுத்துவிட்டுத் திரும்பப் போடுவேன். ஆங்கிலக் கையேடு விளங்காததால்தான் இப்படிச் செய்கிறேன் என்று சிலர் நினைத்தார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கையேடு விளங்குகிறவர்களும் இதைச் செய்யத்தான் வேண்டும்.

அப்படித்தான் கனகராயன்குளத்தில் ஒரு விதைநெல் நிலையத்தில் இரண்டு கோப்புகளை அழித்துப் பார்த்தேன். ஒன்று அன்று காலையில் எழுதியது. மற்றது சில வருடங்களுக்கு முன் எடுத்த ஒரு படம். அழித்தவை ஒரு குப்பைத்தொட்டிக்குள் போகும், முப்பது நாள் அங்கே இருக்கும் என்று திரை சொன்னது. பெட்டியை நிறுத்தி மறுபடி எழுப்பினேன். காலையில் எழுதிய கோப்பு தொட்டியில் இருந்தது. பழைய படத்தைக் காணவில்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தபோதுதான் விளங்கியது. பெட்டி முப்பது நாளை எண்ணுவது நாங்கள் அழித்த நாளிலிருந்து அல்ல, கோப்பு பிறந்த நாளிலிருந்து. பழைய படம் தொட்டிக்குள் விழும்போதே அதன் முப்பது நாள் எப்போதோ முடிந்துவிட்டிருக்கும். பெட்டி ஒவ்வொரு இரவும் தொட்டியைக் கூட்டும். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் கூட்டும். அந்த நிலையத்தில் தொட்டியை நம்பாமல் வேறு பிரதி எடுக்க ஒழுங்கு செய்துவிட்டு வந்தேன்.

இனி அச்சகத்துக் கதைக்கு வருகிறேன்.

வவுனியா நகரில் ஒரு அச்சகம். முதலாளி முஸ்லிம். அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நாங்கள் எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். முல்லைத்தீவிலிருந்து சின்ன வயதில் இடம்பெயர்ந்து, புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்தவர். கலியாணக் கார்ட்டும் அடிப்பார், ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது நினைவு மலர். எங்கள் சனங்கள் செத்தவீட்டு முப்பத்தோராம் நாள் கிருத்தியத்துக்கு அடித்துக் கொடுக்கும் அந்தப் புத்தகத்தில், எந்தத் தேவாரம் முதலில், எது பிறகு என்று ஐயர்மாரே அவரிடம் கேட்பார்கள்.

அந்த அச்சகத்துப் பெட்டியைப் பூட்டியவர்கள் வேறு ஆட்கள். அன்று பின்னேரம் நான் பிறிண்டர் ஒன்றைத் திருத்தப் போயிருந்தேன்.

பூவரசங்குளத்திலிருந்து சிவமலர் அக்கா வந்திருந்தா. தகப்பனின் நினைவு மலரை அச்சுக்குப் போகும் முன் ஒருதரம் பார்ப்பதற்காக, ஊர்த் தம்பி ஒருவரின் ஓட்டோவில் வந்திருந்தா. நானா பக்கங்களைத் திரையில் திறந்தார். தேவாரம் இருந்தது, வாழ்க்கைக் குறிப்பு இருந்தது. படம் இருக்கவேண்டிய இடங்களில் எல்லாம் சாம்பல் நிறச் சதுரம்.

"என்ன நானா, படங்களைக் காணேல்லை?"

நானா படங்கள் இருந்த போல்டரைத் தேடினார். அது இல்லை. அவருடைய முகம் மாறியதைப் பார்த்துத்தான் நான் பிறிண்டரை விட்டு எழும்பினேன்.

அந்த அச்சகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இறந்தவரின் பெயரை வெறுமனே போல்டரில் எழுதுவது மரியாதை இல்லை என்று ஊரின் பெயரைத்தான் எழுதுவார்கள். கிருத்தியம் முடிந்ததும், செத்தவீட்டுப் படங்கள் வேலைத்தலத்தில் கிடக்கக்கூடாது என்று அந்தப் போல்டரை அழித்துவிடுவார்கள். இரண்டுமே நல்ல மனதோடு செய்தவைதான். அந்த மாதம் பூவரசங்குளத்தில் இரண்டு செத்தவீடு. வடிவமைப்பு வேலை செய்யும் தர்சினி, மத்தியானம் ஒட்டுசுட்டானுக்குப் புத்தகக் கட்டுக் கொண்டுபோகும் முன், "பூவரசங்குளம் முடிஞ்சுது நானா, அழிச்சிட்டன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தா. முடிந்த பூவரசங்குளம் பெட்டியிலேயே இருந்தது. முடியாததுதான் போய்விட்டது.

"ஐயான்ர போனில இருக்கும்தானே பிள்ளை?" என்று நானா மெதுவாகக் கேட்டார்.

"போனைத் துடைச்சு மருமோனுக்குக் குடுத்திட்டம். படமெல்லாம் பிரஸ்ஸில இருக்கு, பத்திரமெண்டு நான்தான் சொன்னனான்."

மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. தூரத்தில் முதலாவது இடி கேட்டது.

நானாவின் கை உடனே பிளக்குக்குப் போனது. எங்கள் பக்கத்தில் யாருடைய கையும் அப்படித்தான் போகும். இடி கேட்டால் வீட்டில் உள்ள எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. முந்தின மாரியில் மின்னல் கம்பியோடு வந்து அதே அச்சகத்தில் இரண்டு கணினியை எரித்திருந்தது. நானா கணினிகளின் பிளக்கைக் கழற்றிக்கொண்டு வந்து, கடைசியாகப் பெட்டியின் பக்கம் குனிந்தார்.

"நானா, அதைத் தொடாதேங்கோ."

"என்ன தம்பி சொல்றீர்? இதுவும் எரியவோ?"

"அது நிண்டால் படம் போயிடும்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தா. வழமையில் இரண்டு பேர் ஒன்றாகப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று ஒட்டவில்லை. எனக்குத் தெரிந்ததை ஒரு பக்கமும் தெரியாததை மறுபக்கமும் வைத்துச் சொன்னேன்.

தெரிந்தது இது. இது கனகராயன்குளத்தில் நான் பார்த்த அதே பொதி. படங்கள் தொட்டிக்குள் இருக்கின்றன, தொட்டி கனத்திருப்பது என் மடிக்கணினியில் திறந்திருக்கும் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் தெரிகிறது. ஆனால் அவை பழைய படங்கள். பெட்டியை நிறுத்தினால், அது திரும்ப எழும்பும்போது முதலில் செய்யப்போகும் வேலை அவற்றைக் கூட்டித் தள்ளுவதுதான். நிறுத்தாவிட்டாலும் இரவில் கூட்டிவிடும். அழித்தவரைத் தவிர வேறு யாருக்கும் தொட்டி திறக்காது. அழித்தவர் தர்சினி. அவவின் பாஸ்வேர்ட் அவவுக்கு மட்டும்தான் தெரியும். அவவோ காட்டுப் பாதையில் பஸ்ஸில் இருக்கிறா, போன் எடுபடவில்லை.

தெரியாதது, மின்னல் எங்கே விழும் என்பது.

"அந்த முப்பதை மாத்தேலாதோ?" நானா திரையைக் காட்டிக் கேட்டார். "பூச்சியம் போட்டு விடும். கூட்டாமல் விடும்."

நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் விசைக்கு மேலேயே நின்றது. பூச்சியம் என்றால் ஒருபோதும் அழிக்காதே என்று பொருளா, அல்லது உடனே அழி என்று பொருளா? அதைப் பற்றி எங்கும் எழுதியிருக்கவில்லை, நானும் முன்பு சோதித்துப் பார்த்திருக்கவில்லை. பெரிய எண்ணைப் போடலாம், அல்லது தர்சினியின் பாஸ்வேர்டையே புதிதாக மாற்றலாம். ஆனால் மாற்றத்தைச் சேமித்ததும் பெட்டி தன் வேலைகளைப் புதிதாகத் தொடங்கினால், கூட்டுகிற வேலையும் அதோடு தொடங்குமா? அதுவும் தெரியாது. பிள்ளைகளே, தெரியாத விசையை உதவாத கோப்பில் அமத்திப் பாருங்கள். ஒருவரிடம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது என்றால் அதில் அமத்திப் பார்க்காதீர்கள். கையை எடுத்துவிட்டேன்.

வட்டைக் கழற்றி வேறு கணினியில் வாசித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தப் பெட்டியின் இரண்டு வட்டுகளும் ஒன்றோடொன்று பிணைத்துப் பூட்டிய முறையில் இருந்தன. அவற்றை வெளியே வாசிக்கும் வசதி அன்று என்னிடம் இல்லை.

"தம்பி, எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ," என்றா அக்கா. "ஐயா இருக்கிறாரோ, இல்லையோ?"

"இருக்கிறார் அக்கா. தர்சினி கதைக்கிற வரைக்கும் இந்தப் பெட்டி அணையாமல் இருக்கவேணும்."

பெட்டிக்குக் கீழே ஒரு யூபிஎஸ் இருந்தது. அதன் பற்றறி சோர்ந்துபோனது, மின்சாரம் நின்றால் சில நிமிடம்கூடத் தாங்காது என்று நானாவே முன்பு சொல்லியிருந்தார். மின்கம்பியில் விட்டால் மின்னல் வரும். கம்பியைக் கழற்றினால் பற்றறி சாகும். நான் வாசலைப் பார்த்தேன். ஓட்டோ நின்றது.

ஓட்டோக்காரத் தம்பிக்கு விளங்கிவிட்டது. "அண்ணை, என்ர பற்றறியைக் கழட்டினா நாங்கள் எப்பிடி வீட்ட போறது?"

"நான் தள்ளிவிடுறன்," என்றா அக்கா.

"பூவரசங்குளம் வரைக்குமோ?"

"கதைச்சுக்கொண்டு நிக்காமல் கழட்டடா. ஐயா உனக்கு எத்தினை தரம் வாய்க்காலுக்குள்ள இருந்து தள்ளிவிட்டவர்?"

அவர் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

பற்றறி விடயத்தில் நான் பயப்படவில்லை. சண்டைக் காலத்தில் வன்னியில் கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு டைனமோவைக் கையால் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததை நான் அந்த வருடங்களில் பற்றறிகளோடு இருந்து படித்தேன். யூபிஎஸ்ஸின் மூடியைக் கழற்றினேன். பழைய பற்றறியை எடுக்கவில்லை, எடுக்கிற நேரம் பார்த்துக் கரண்ட் நின்றால் எல்லாம் முடிந்துவிடும். அது இருந்தபடியே, அதன் முனைகளில் ஓட்டோப் பற்றறியின் வயர்களைச் சேர்த்துப் பிடிக்கவேண்டும். கூட்டலுக்குக் கூட்டல், கழித்தலுக்குக் கழித்தல். மாறினால் யூபிஎஸ்ஸும் போகும், பெட்டியும் போகும்.

நானா கைவிளக்கைப் பிடித்தார். "தம்பி," என்றார், தாழ்ந்த குரலில். "என்ர ஆறு பேற்ற வேலையும் இந்தப் பெட்டிக்குள்ளதான் கிடக்கு. விளங்குதோ?"

"விளங்குது நானா. வேண்டாமெண்டு நீங்கள் சொன்னா நான் விடுறன்."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றா. நானா விளக்கை இன்னும் கிட்டக் கொண்டுவந்தார். "பிடியும்," என்றார்.

இரண்டாவது வயரை இறுக்கிக்கொண்டிருக்கும்போதே மழை கூரையில் விழுந்தது. இறுக்கி முடித்து யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்தேன். பெட்டி மற்றக் கணினிகளோடு தொடுத்திருந்த கேபிளையும் இழுத்துவிட்டு, என் மடிக்கணினியை மட்டும் பெட்டியோடு நேரே தொடுத்தேன். யூபிஎஸ் கத்தத் தொடங்கியது, ஆனால் பெட்டியின் பச்சை விளக்கு அணையவில்லை. வெளியிலிருந்து இனி அதற்குள் எந்தக் கம்பியும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பெரிய இடி ஒன்று விழுந்தது. தெருவே இருண்டது. நான் பிளக்கைக் கழற்றிய சுவர்த் துளையில் ஒரு நீலப் பொறி 'டிக்' என்று தட்டிவிட்டு மறைந்தது. நாங்கள் நாலு பேரும் அதைப் பார்த்தோம். நானா கண்ணை மூடி எதையோ ஓதினார்.

பிறகு காத்திருப்புத்தான். யூபிஎஸ் விடாமல் கத்திக்கொண்டிருக்க, அக்கா ஐயாவைப் பற்றிச் சொன்னா. "அவருக்கு மனிசரைப் படம் எடுக்க வராது. எல்லாற்ற தலையையும் வெட்டிப்போடுவார். குளத்தை மட்டும் வடிவா எடுப்பார். மாரிக்கு மாரி, தண்ணி திறந்துவிடுற துருசில நிண்டு எவ்வளவு வந்திருக்கெண்டு எடுப்பார். எல்லாம் குளம்தான். அவர் நிக்கிற படம் ஒண்டே ஒண்டு. நான் எடுத்தனான். மற்றது அடையாள அட்டையில இருக்கிறது, அதில கள்ளன் மாதிரி இருப்பார்."

"அதைப் போட்டா புத்தகத்தை ஒருத்தரும் வாங்கமாட்டினம்," என்றார் ஓட்டோத் தம்பி. அக்கா சிரித்தா, பிறகு மூக்கைத் துடைத்தா.

மழை குறையத் தொடங்கிய நேரம் நானாவின் போன் அடித்தது. மாங்குளம் சந்தியிலிருந்து தர்சினி. இத்தனை தரம் ஏன் எடுத்தீர்கள் என்று பயந்துபோய்க் கேட்டா. நானா விடயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது.

"அழாத புள்ள. பாஸ்வேர்டைச் சொல்லும்."

"நானா, போனைப் பெட்டி பாக்கிற அண்ணையிட்டக் குடுங்கோ, அவருக்குச் சொல்லுறன்."

"அவர் பற்றறியைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். எனக்குச் சொல்லும்."

தயங்கித் தயங்கிச் சொன்னா. நானா என் மடிக்கணினியில் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். அடித்து முடித்த பிறகுதான் அதைச் சேர்த்து வாசித்தார். 'ஞாயிறாவது லீவு தாங்கோ' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தா. நானா போனைக் காதில் வைத்தபடி, "இந்த ஞாயிறு எடும்," என்றார். ஓட்டோத் தம்பி வெளியே போய் நின்று சிரித்தார்.

தொட்டி திறந்தது. முதலில் குளங்கள் வந்தன. நிரம்பிய குளம், வற்றிய குளம், நிரம்பி வழிந்து வான் பாயும் குளம். அவற்றுக்கு நடுவில் ஐயா, துருசுக் கட்டில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, படம் எடுப்பவரை ஏசிக்கொண்டு நிற்பதுபோல வாயைத் திறந்தபடி. அக்கா திரையைத் தொட்டா.

"தலை வெட்டாமல் எடு எண்டு சொல்லுறார்," என்றா.

எல்லாவற்றையும் மடிக்கணினிக்கு எடுத்தோம். இன்னொரு பிரதியும் எடுத்து அக்காவின் கையில் கொடுத்தோம். அதன் பிறகுதான் பெட்டியை முறைப்படி நிறுத்தி, பற்றறியை ஓட்டோவில் பூட்டினோம். தள்ளத் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை நான் வேண்டுமென்றே அச்சகத்துக்குப் போய், பெட்டி எழும்புவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தொட்டி வெறுமையாக இருந்தது. நான் சொன்னது சரியென்று அப்போதுதான் எனக்கே முழுதாக நம்பிக்கை வந்தது. பிறகு எங்கள் கடையில் இருந்த வேறொரு பெட்டியில் உதவாத கோப்புகளைப் போட்டு அந்தப் பூச்சியத்தையும் சோதித்தேன். பூச்சியம் என்றால் உடனே அழி. அன்று என் விரல் இறங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தர்சினியும் நானும் இருந்து, பொதி செய்தவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினோம். நான் சொல்லச் சொல்ல அவா ஆங்கிலத்தில் எழுதினா. அடுத்த பதிப்பின் கையேட்டில், முப்பது நாளை எதிலிருந்து எண்ணுகிறோம் என்று ஒரு வரி வந்தது. உலகத்தில் யார் யாரோ வாசிக்கும் கையேட்டில் அந்த ஒரு வரி வன்னியிலிருந்து போனது. நானாவின் அச்சகத்தில் இப்போது போல்டர்களில் அமரர் என்று மரியாதை போட்டு, முழுப்பெயரும் எழுதுகிறார்கள்.

கிருத்தியத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பந்தலில் ஒரு மூலையில் இருந்து சாப்பிட்டுவிட்டு, ஒருவரோடும் கதைக்காமல் வரத்தான் நினைத்தேன். நினைவு மலரின் கடைசிப் பக்கத்தில் எல்லா வீட்டாரும் போடும் நன்றி நவிலல் இருக்கும், உங்களுக்குத் தெரியும். செய்தி கேட்டு ஓடி வந்தவர்களுக்கு, பந்தல் போட்டவர்களுக்கு, சமைத்துத் தந்தவர்களுக்கு, மலர்வளையம் வைத்தவர்களுக்கு என்று எந்தப் புத்தகத்திலும் அது ஒரே மாதிரித்தான் போகும். வழக்கத்தில் புரட்டிப் பார்த்தேன். சமைத்துத் தந்தவர்களுக்கும் மலர்வளையம் வைத்தவர்களுக்கும் இடையில், வேறு எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு வரி இருந்தது.

"இடிமழைக்குள் எங்கள் ஐயாவை அணையாமல் காத்தவர்களுக்கும்."

பெயர் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கூச்சமாக இருந்திருக்கும் என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. என்ன வேலை செய்தாய் என்று யாராவது கேட்டால் எனக்கு விளங்கப்படுத்த வராது. அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுவேன்.